'சாப்டீங்களா' அண்ணனும் சிவப்பு எழுத்தும்

கெட்ட செய்தி சொல்லத் தெரியாதவர்களுக்கென்று கோயமுத்தூர் மாவட்டத்தில் ஒரு போட்டி வைத்தால், எங்கள் 'சாப்டீங்களா' அண்ணனுக்குத்தான் முதல் பரிசு. ஒரே சிக்கல், பரிசு கிடைக்காமல் நிற்கிற மற்றவர்களைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று அவர்களிடம் போய் விசாரித்து, கடைசியில் கோப்பையையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சரவணம்பட்டியில் நான் வேலை பார்த்த சின்ன மென்பொருள் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை அவரை அழைத்தது 'சாப்டீங்களா' அண்ணன் என்றுதான். அவருக்கும் அது தெரியும். "நல்ல பேருதானுங்க, யாரு கூப்ட்டாலும் சோத்து ஞாவகம் வருமுங்க" என்பார்.

எங்கள் கம்பெனி செய்தது இதுதான். மில்காரர்கள், துணிப் பரிசோதனைக் கூடங்கள், விவசாய ஆராய்ச்சி மாணவர்கள் என்று கைநிறைய எண்களை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள், அவற்றை எங்கள் இணையதளத்தில் ஏற்றுவார்கள். எங்கள் கம்ப்யூட்டர்கள் அலசிப் பார்த்து, நூல் எங்கே அடிக்கடி அறுகிறது, எந்தத் துணி தேறும், எது தேறாது என்று முடிவைச் சொல்லும். ஒவ்வொரு அலசலுக்கும் 'ஜாப்' என்று பெயர். யாருடைய ஜாப் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிற பக்கத்துக்கு டேஷ்போர்டு என்று பெயர். அதில் வருகிற குறிப்புகளை எழுதுவது என் வேலை.

பழைய டேஷ்போர்டை உருவாக்கியது யார் என்று கேட்டால் ஆபீசில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அதில் முழ நீளத்துக்கு எண்கள் இருக்கும். அதுதான் ஜாபின் பெயராம். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை. ஓடினால் 'ரன்னிங்'. கெட்டுப்போனால் ரத்தச் சிவப்பில் 'ஃபெயில்டு'. ஏன் கெட்டது, என்ன செய்ய வேண்டும், ஓடுகிறது என்றால் இன்றைக்கு முடியுமா ஆடிக்கு முடியுமா, ஒன்றும் தெரியாது. எனவே வாடிக்கையாளர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். போனை எடுப்பதும், ஜாப் கெட்டுப்போனால் தானே கூப்பிட்டுச் சொல்வதும் அண்ணனின் வேலை.

அண்ணனுக்கு அன்னூர் பக்கம் தோட்டம். என்ன வெயிலானாலும் வெள்ளை முழுக்கைச் சட்டை. ஒரு குடும்பமே சாப்பிடக்கூடிய அடுக்கு டிபன் கேரியர். வெறும் வயிற்றில் இருக்கிற மனிதனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்சி. அவர் போன் பேசுவது இப்படி இருக்கும்:

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"ஆச்சுங்க."

"என்னுங்க இன்னைக்கு?"

"அரிசிம்பருப்புங்க."

"அட. நெய்யி ஊத்திக்கிட்டீங்களா? அந்தப் பக்கம் மழை ஏதாச்சும் பேஞ்சுதுங்களா? பையன் காலேஜுல சேந்துட்டானுங்களா? அப்புறமுங்க… காலையில ஒரு ஜாப்பு போட்டீங்களே… அது கொஞ்சம் படுத்துக்கிச்சுங்க."

ஃபெயில் என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஜாப் படுத்துக்கொள்ளும், அசந்துபோகும், ஒருநாள் மனசு மாறிக்கூடப் போயிற்று. கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றுவிட்டால், "எங்க மெசினுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க" என்பார். எதிர்முனைக்காரர், "பாவம், பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்.

நாளடைவில் வாடிக்கையாளர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் 'சாப்டீங்களா' என்றாலே எதிர்முனையில் பழைய ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஓர் ஆராய்ச்சி மாணவன், சாப்பிடவில்லை என்று சொன்னால் கெட்ட செய்தி வராது என்று கண்டுபிடித்தான். "இன்னும் சாப்பிடலைண்ணா" என்று சாயந்திரம் வரை இழுத்தடித்தான். அண்ணன் விடுவாரா? ஹாஸ்டலுக்கு ஆள் மூலம் பரோட்டா பொட்டலம் அனுப்பி, அவன் கை கழுவிவிட்டான் என்று உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் ஜாப் படுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னார். ஒரு வருஷம் பொங்கலன்று வாழ்த்துச் சொல்ல ஒரு மில் அதிகாரியைக் கூப்பிட்டார். முதல் கேள்வியைக் கேட்டதுமே அந்த மனிதர் இலையைப் பாதியில் விட்டுவிட்டு மில்லுக்கு ஓடிவிட்டாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ரகு மேனேஜராக வந்தார். சென்னைக்காரர், எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். நல்ல மனிதர்தான், ஆனால் மீட்டிங் பைத்தியம். தண்ணீர் கேன் தீர்ந்துபோனால்கூட ஒரு மீட்டிங் போட்டு அதற்கு ஒரு படம் வரைவார். வந்த வாரத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்தார்.

"ஒரு யூசர் நமக்குப் போன் பண்றார்னா, நம்ம ஸ்க்ரீன் அவருக்கு ஒண்ணுமே சொல்லலைன்னு அர்த்தம். டேஷ்போர்டை மாத்தறோம். இனிமே யாரும் போனே பண்ணக்கூடாது."

எல்லோரும் தலையாட்டினோம். பிறகு, ஒருவர் பார்ப்பது இன்னொருவருக்குத் தெரியாமல், எல்லோருமே அண்ணனைப் பார்த்தோம். யாரும் போன் பண்ணாத கம்பெனியில் போன் எடுக்கிறவருக்கு என்ன வேலை? அண்ணன் மட்டும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரொம்ப நல்ல யோசனைங்க சார்" என்றார். யூசர்கள் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால் ரகு அவரையும் அந்தக் குழுவில் போட்டார். தன் நாற்காலியை எடுக்கப் போகிற வேலையில் அவரே ஓர் ஆள்.

டீக்கடையில் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, இந்த டேஷ்போர்டு நல்லா வந்துச்சுன்னா உங்க சீட்டு இருக்காது. தெரியுமா?"

"தெரியுமுங்க அம்மணி."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?"

அவர் டம்ளரைக் கழுவும் இடத்தில் வைத்தார். "பாவமுங்க அவங்க. நான் எப்பக் கூப்புடுவேன், கூப்ட்டா என்ன சொல்லுவேன்னு நாள் பூரா வயித்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கறாங்க. அவங்களே பாத்துக்கிட்டா நல்லதுதானுங்க." கொஞ்சம் தூரம் நடந்த பிறகு, "பெரியவ இப்பத்தான் காலேஜு சேந்திருக்கறா, அதுதான் ரோசனையா இருக்குது" என்றார். ஐம்பதை நெருங்கும் மனிதருக்கு சரவணம்பட்டியில் யார் புது வேலை கொடுப்பார்கள்?

ஆனால் மீட்டிங்கில் அண்ணன் பிரமாதம். ப்ரோகிராம் எழுதும் கார்த்தி, ஜாப் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று சதவீதம் காட்டலாம் என்றான்.

"வேண்டாமுங்க தம்பி. அது தொண்ணூத்தொம்போதுல போய் நின்னுக்கும். கல்யாணத்துக்கு ஏன் இன்னும் காணோம்னு போன் போட்டா, 'வந்துட்டே இருக்கறனுங்க'ம்பாங்க. அப்பத்தான் பல்லு வெளக்கிட்டு இருப்பாங்க. அதாட்ட ஆயிரும்."

"பின்னே என்னதான் காட்டறது?"

"உள்ளதக் காட்டுங்க. ஃபைலு வந்து சேந்துச்சு. வரிசையில நிக்குது, முன்னால இத்தன பேரு. இப்ப ஓடுது. முடிஞ்சுது. வேறென்ன வேணும்?"

முழ நீள எண்களைப் பார்த்து, "பெத்த புள்ளைய நம்பரு சொல்லியா கூப்புடறாங்க?" என்று கேட்டார். அதிலிருந்து வாடிக்கையாளர் தன் ஜாபுக்கு வைத்த பெயர் பெரிய எழுத்தில் மேலே வந்தது, எண் ஓரத்துக்குப் போயிற்று. ரகுவுக்கு ஒரே ஆச்சரியம். சண்டை வந்தது சிவப்பில்தான்.

"செவப்பு மட்டும் வேண்டாமுங்க சார்."

"எரர்னா ரெட்தாண்ணா. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகத்துல இருக்கறவங்க தனியா உக்காந்து பாப்பாங்க போலீங்க. நம்ம ஆளுங்களுக்குப் பின்னாடி மொதலாளி நின்னுட்டு இருப்பாருங்க."

ரகு தன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சிவப்பு போயிற்று. பிறகு என்ன நிறம் என்று கேட்டதற்கு, துவரம்பருப்பு நிறம் என்றார் அண்ணன். கார்த்தி கலந்து காட்டியதெல்லாம் ஒன்று கடலைப்பருப்பாக இருந்தது, இல்லையென்றால் மைசூர்ப்பருப்பாக இருந்தது. மறுநாள் அண்ணன் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கார்த்தியின் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த நிறத்தையே போட்டார்கள்.

ஜாப் கெட்டுப்போனால் வரவேண்டிய வாசகத்தை நானும் அண்ணனும் எழுதினோம். நான் 'தோல்வி' என்று எழுதினேன். "இதென்னுங்க அம்மணி, பரீச்சையா?" என்று அடித்தார். 'சாப்டீங்களா?' என்று அவர் ஆரம்பிக்கப் பார்த்தார், நான் அடித்தேன். கடைசியில் இருவரும் சமாதானமாகி, அழகான துவரம்பருப்பு நிறத்தில் இப்படி வந்தது: 'உங்க ஜாப் சித்த நின்னிருக்குதுங்க. கவலைப்படாதீங்க.' படிக்கும்போது எனக்கே தலையைத் தடவிக்கொடுத்த மாதிரி இருந்தது.

முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு அதைத் திறந்துவிட்டோம். சோமனூர் பக்கம் துணிப் பரிசோதனைக் கூடம் நடத்துகிற வசந்தாமணி அக்கா. தறிக்காரர்கள் கொடுக்கிற துணியைச் சோதித்து, எண்களை எங்களுக்கு ஏற்றி, வரும் முடிவை வைத்துச் சான்று கொடுப்பவர். அன்றைக்கு அவர் ஏற்றிய ஃபைலில், எண் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் யாரோ 'ஓகே' என்று அடித்திருந்தார்கள். ஜாப் செத்துப்போயிற்று. ஸ்க்ரீனில் எங்கள் வாசகம் வந்தது. இனி ஸ்க்ரீனே சொல்லிக்கொள்ளும் என்று அண்ணன் கூப்பிடவில்லை. அக்காவும் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே துணி வாங்க வந்த திருப்பூர்க்காரர் அந்தச் சான்றுக்காக உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரை அவரும் கவலைப்படவில்லை. சாயந்திரம் எழுந்து போனவர் திரும்ப வரவே இல்லை.

மறுநாள் காலை போன் வந்தது. அக்காவின் குரல் என் மேஜை வரை கேட்டது.

"தம்பி, சித்த நின்னிருக்குதுன்னு போட்டா நான் என்னன்னு நெனைக்கறது? காந்திபுரத்துல பஸ்ஸு சித்த நிக்குது, அப்புறம் கெளம்புது. அதாட்ட இதுவும் கெளம்பும்னுதான் உக்காந்திருந்தேன்! செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மத்தியானத்துக்குள்ள சரி பண்ணியிருப்பனே! அந்த ஆளு இனி நம்ம பக்கமே வரமாட்டான். தறிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணன் எழுந்து நின்று பேசினார். "தப்புத்தானுங்க அக்கா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. சாப்டீங்களா என்று கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவருடைய டிபன் கேரியர் திறக்கப்படவும் இல்லை.

"சாப்பிடுங்கண்ணா" என்றேன்.

"பசியில்லீங்க அம்மணி." டிபன் கேரியரை மேஜைக்கடியில் தள்ளினார். "அவங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு நெனச்சேன்னு இத்தன வருசமாச் சொல்லிட்டு இருந்தேன். சொல்றது எனக்குத்தானுங்க கஷ்டமா இருந்திருக்குது."

அண்ணன் நேராக கார்த்தியிடம் போனார். "செவப்பே போட்டுருங்க தம்பி" என்றார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'ஜாப் நின்றுவிட்டது. இனி தானாக ஓடாது. இந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருக்கிறது. திருத்திவிட்டு இந்தப் பொத்தானை அழுத்துங்கள்.' நான் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கீழ சின்னதா ஒண்ணே ஒண்ணு போட்டுக்கலாமுங்களா?"

"கவலைப்படாதீங்கன்னு எல்லாம் போட முடியாதுண்ணா."

"அதில்லீங்க. 'நீங்க ஏத்துன ஃபைலு பத்திரமா இருக்குதுங்க'ன்னு. அது நெசந்தானுங்களே?"

நிஜம்தான். போட்டோம். வசந்தாமணி அக்காவுக்குத்தான் அண்ணன் முதலில் காட்டினார். அவர் முழுக்கப் படித்துவிட்டு, "இதத்தான் தம்பி நான் கேட்டேன்" என்றார்.

புது டேஷ்போர்டு எல்லோருக்கும் திறக்கப்பட்டது. ரகு ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. போன் நின்றுபோனது. முதல் நாள் அண்ணன் மேஜையைத் துடைத்தார். அப்புறம் போனைத் துடைத்தார். அப்புறம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார். மறுவாரம் என் இன்டர்காம் ஒலித்தது. எடுத்தால், பக்கத்து மேஜையிலிருந்து அண்ணன். "ஒண்ணுமில்லீங்க அம்மணி, லைனு சரியா இருக்குதான்னு பாத்தேன்." நாங்கள் அவரைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ரகு தன் அறையிலிருந்து வெளியே வந்தார். மீட்டிங் போடாமல் அவர் யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்கு நேராக அண்ணனின் மேஜைக்கு வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பாக்கெட்டில் வைத்தார்.

"அண்ணா… சாப்டீங்களா?"

ஆபீசில் ஒரு கீபோர்டு சத்தம்கூட இல்லை.

"ஆச்சுங்க சார்" என்றார் அண்ணன். "கொள்ளுப் பருப்புங்க."

"ஓ. நல்லது." ரகு ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "உங்க ஊர்ப்பக்கம்… மழை ஏதாவது…"

அண்ணன் எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளினார்.

"உக்காருங்க சார். நேரா சொல்லிப்போடுங்க. சித்த நின்னிருக்குதுங்களா, இல்ல முழுசா நின்னுபோச்சுங்களா?"

"முழுசாண்ணா." ரகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இந்த மாசத்தோட. நான் மேல எவ்வளவோ பேசிப் பார்த்தேன்…"

"பேசியிருப்பீங்க சார். எனக்குத் தெரியுமுங்க." அவருக்கும் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போலாயிற்று, அதை நான் பார்த்தேன். பிறகு ரகுவை மேலும் கீழும் பார்த்தார். "இதச் சொல்லோணும்னு நீங்க காலையில இருந்து ஒண்ணுமே சாப்புடலையாட்ட இருக்குதே?"

டிபன் கேரியரின் கடைசி அடுக்கில் தயிர்சாதம் மிச்சம் இருந்தது. அதைத் திறந்து ரகுவின் முன்னால் வைத்தார். வேலையை எடுத்தவர், வேலை போனவர் கொடுத்த சோற்றை, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாயும் இருந்தது.

அண்ணன் போன பிறகு வாடிக்கையாளர்கள் சிலர் போன் செய்தார்கள். ஜாபைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவரு எங்கீங்க போனாரு?" என்று கேட்டார்கள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்பதற்கு மேல் எங்களுக்கும் தெரியவில்லை. பிறகு நானும் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் என் அம்மாவுக்கு கோயமுத்தூரிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். உறவுக்காரர்கள் காத்திருக்கிற கூடத்தில், சுவரில் ஒரு டிவி. அதில் வரிசையாக எண்கள், எதிரே ஒரு வார்த்தை. அம்மாவின் எண்ணுக்கு எதிரே 'நடக்கிறது' என்று இருந்தது. டாக்டர் சொன்ன நேரம் தாண்டியும் 'நடக்கிறது' என்றே இருந்தது. டேஷ்போர்டில் பிழைப்பு நடத்திய எனக்கு அந்த டிவியைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருந்தது. நடக்கிறது என்றால் எப்படி நடக்கிறது? நன்றாகவா? நின்றுவிடாமலா?

அப்போது கூடத்தின் கோடியில் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை, கையில் நோயாளிகளோடு வந்திருக்கிற உறவுக்காரர்களின் பெயர்ப் பட்டியல். என்னைப் பார்த்துவிட்டார். வேகமாக என்னை நோக்கி வந்தார். பழகிய முகத்தைப் பார்த்த சந்தோஷம் ஒரு நொடிகூட இல்லை. அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள் அண்ணா, அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பக்கத்தில் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பாதி வழியிலிருந்தே சொன்னார்.

"அம்மா நல்லா இருக்கறாங்க அம்மணி. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சுட்டாங்க."

பிறகுதான் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க. சாப்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அண்ணன் பதிலுக்குக் காத்திருக்காமல் கேண்டீன் பக்கம் நடந்து, கையில் ஒரு தட்டோடு திரும்பி வந்தார். ஆஸ்பத்திரிக் கேண்டீன் சாம்பாரை எந்த மனிதனாலும் வாயில் வைக்க முடியாது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.